இருக்கேலாத நானூறு கதிரையும் இருந்து பாக்கக்கூடிய வீடும்: அப்பாவோட விட்ரா போய்வந்தது

சுவிஸில பாசல்ல இருந்து அரை மணித்தியாலம் கூட எடுக்காது. 55ஆம் நம்பர் பஸ் ஏறினா போடர் தாண்டி ஜேர்மனிப் பக்கம் வைல் அம் றைனில விட்ரா எண்ட தரிப்பிடத்திலயே இறக்கி விடும். இருபது வருசமா இஞ்ச இருக்கிறன், 8ஆம் நம்பர் ட்ராம் எடுத்து வைலுக்குச் சாமான் வாங்க எத்தினை சனிக்கிழமை போயிருப்பன், ஆனா அந்த வளவுக்குள்ள ஒருநாளும் போகேல்ல, தளபாடக் கொம்பனி ஒண்டின்ர இடம் எண்டு தெரியும், அதோட விட்டாச்சு. இப்ப அப்பா ஊரில இருந்து வந்து நிக்கிறார், அவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு போனபடியாத்தான் இதை எழுதிறன், நான் தனியப் போயிருந்தா பாதிக் கதிரை எனக்குக் கதைச்சிருக்காது.

முதல் ஏன் போனனாங்கள் எண்டு சொல்லோணும். அப்பாக்கு முழங்கால் நோ, பதிவா இருந்தா எழும்பேலாது. அதுக்காக அவர் வர முதலே ஒரு பெரிய கடையில சாய்ஞ்சு இருக்கிற செயார் ஒண்டு வாங்கி வச்சிருந்தன், பாக்க வடிவு, இருந்தா பஞ்சு மாதிரி. மூண்டு கிழமையில ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. அப்பா அதைக் கவிழ்த்து வச்சு அடித்துணியைக் கழட்டிப் பாத்தார், உள்ளுக்க மட்டை, ஸ்ரேப்பிள் ஊசி, ஒட்டுப்பலகைத் துண்டுகள். நாப்பது வருசம் தச்சு வேலை செய்த மனிசன், கதவு நிலை, கட்டில், சாய்மனைக் கதிரை எண்டு எங்கட ஊரில பாதி வீட்டில அவற்ர கை பட்ட சாமான் இருக்கும். "பிள்ளை, இது கதிரை இல்ல, கதிரை மாதிரித் தைச்ச பெட்டி" எண்டார். சரி, இவருக்கு நல்ல கதிரை கொஞ்சம் காட்டுவம் எண்டு தேடினதிலதான் ஷவ்டெப்போ கண்ணில பட்டது.

ஷவ்டெப்போ எண்டா வாற ஆக்களும் பாக்கக்கூடிய களஞ்சியம் எண்ட மாதிரி ஒரு சொல்லு. விட்ரா டிசைன் மியூசியத்திட்ட ஏழாயிரம் அளவில தளபாடம் இருக்கு, அதில நானூறுக்கு மேல இந்தக் கட்டடத்தில அடுக்கி வச்சிருக்கினம், 1800ஆம் ஆண்டளவில இருந்து இப்ப வரைக்கும். 2016இல திறந்தது, கட்டடத்த வரைஞ்சது எங்கட பாசல் ஆக்கள், ஹெர்சோக், டி மொய்ரோன் ரெண்டு பேரும். வெளியால பாத்தா சிவப்புச் செங்கல், ஜன்னலே இல்ல, கூரை ரெண்டு பக்கமும் சரிஞ்சு நெல்லுக் களஞ்சியம் மாதிரி. செங்கல்லைக் கையால உடைச்சு உடைஞ்ச முகத்தை வெளியால காட்டிக் கட்டியிருக்கு, அப்பா உள்ளுக்குப் போக முதல் அந்தச் சுவரில கையை வச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டார்.

உள்ளுக்க ஒரே பெரிய மண்டபம், மூண்டு தட்டு உயரத்துக்கு ராக்கை, ராக்கை முழுக்கக் கதிரை. அடுக்கிற விதத்த அப்பப்ப மாத்துவினம், 2022இல நிறத்தின்படி அடுக்கி ஒரு கண்காட்சி நடந்தது, அதால நான் சொல்லுற ஒழுங்கிலயே நீங்கள் போகேக்கயும் இருக்கும் எண்டு நினைக்க வேண்டாம். ஒண்டிலயும் இருக்க ஏலாது, தொடவும் கூடாது. அது நியாயம்தான், பழைய பிளாஸ்ரிக்கும் ரப்பர் பஞ்சும் வெளிச்சம் பட்டாலே பொரிஞ்சு கொட்டிற சாமான், அதில ஆக்களும் ஏறி இருந்தா ஒரு வருசம் தாங்காது.

அப்பா முதல் நிண்ட இடம் தோனெற்றின்ர 14ஆம் நம்பர் கதிரை. பேர் தெரியாட்டியும் உங்களுக்கு அந்தக் கதிரையத் தெரியும், பழைய தேத்தண்ணிக் கடையளில, படங்களில, மும்பாய் ஈரானிக் கபேக்களில எல்லாம் அந்த வளைஞ்ச முதுகுக் கதிரையும் அதின்ர சாயலில செய்ததுகளும்தான் நிக்கும். வட்ட இருக்கை, பிரம்புப் பின்னல், பின்னங்காலும் முதுகும் ஒரே தடியா வளைஞ்சு போகும். மிக்கேல் தோனெற் 1796இல பொப்பார்ட் எண்ட ஊரில பிறந்தவர், அதுவும் இதே றைன் ஆத்தங்கரைதான், ஒரு மரவேலைக்காரர், 1842இல வியன்னாவுக்குப் போய் அங்கயே தொழில் தொடங்கினவர். இந்தக் கதிரை வந்தது 1859இல. அப்பா என்னைக் கேட்டார், "பிரம்பை நெருப்பில வாட்டி வளைக்கிறது நாங்களும் செய்யிறதுதான், ஆனா இவ்வளவு தடிப்பான மரத்தை வெடிக்காம எப்பிடி வளைச்சவர்?" எண்டு. நான் போனில தேடித் தேடி வாசிச்சுச் சொன்னன். பீச் மரத்தைத் தடியாக் கடைஞ்சு நீராவியில அவிக்கிறது, அவிச்ச மரம் நெருக்கினா அமத்துப்படும், ஆனா இழுத்தா கிழிஞ்சு போகும், வளைக்கேக்க வெளிப்பக்கம் இழுபடுறதாலதான் வெடிக்கிறது. அதுக்கு அந்த மனிசன் வெளிப்பக்கத்தில ஒரு இரும்புப் பட்டியை ரெண்டு நுனியிலயும் இறுக்கிக் கட்டிப்போட்டு வளைச்சார், பட்டி நீளாது, அதால மரமும் நீளேலாது, வெளிப்பக்கம் இழுபடாம உள்பக்கம் மட்டும் அமத்துப்படும். பிறகு இரும்பு அச்சில வச்சுக் காய விடுறது. அப்பா இதைக் கேட்டுட்டு ரெண்டு தரம் தலையாட்டினார், பிறகு பேரனைக் கூப்பிட்டுத் தன்ர பெல்ற்றைக் கழட்டி ஒரு ரப்பர் துண்டின்ர வெளிப்பக்கத்தில பிடிச்சு வளைச்சுக் காட்டினார். பன்னிரண்டு வயசுப் பொடியன் வாயைத் திறந்து பாத்துக்கொண்டு நிண்டான்.

அந்தக் கதிரைக்கு ஆறு துண்டு மரம், பத்து ஸ்குறூ, ரெண்டு நட், அவ்வளவுதான். கழட்டி அடுக்கினா ஒரு கன மீற்றர் பெட்டிக்குள்ள 36 கதிரை போகும், கப்பலில ஏத்தி உலகம் முழுக்க அனுப்பினவை, போய்ச் சேந்த இடத்தில பூட்டினா சரி. 1930 மட்டில அஞ்சு கோடிக் கதிரை வித்திருக்கு. இண்டைக்கு மட்டைப் பெட்டியில வந்து நாங்கள் வீட்டில பூட்டிற தளபாடத்துக்கெல்லாம் இதுதான் மூத்தது, வித்தியாசம் என்னெண்டா இது நூறு வருசம் கழிச்சும் நிக்குது.

அங்கால றீட்பெல்ட்டின்ர சிவப்பு நீலக் கதிரை. ஒல்லாந்துக்காரர், உட்ரெக்ற் நகரத்தில மரவேலைக்காரரா இருந்தவர், 1918இல செய்யேக்க நிறம் இல்ல, அஞ்சு வருசம் மட்டில கழிச்சுத்தான் இந்தச் சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசினது. எல்லாரும் நிறத்தைப் பாக்கினம், அப்பா குனிஞ்சு மூலையைப் பாத்தார். சட்டங்களைத் துளை போட்டு ஒண்டுக்குள்ள ஒண்டு இறுக்காம, ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு ஒட்டி நிக்கவிட்டு உள்ளுக்க மரக்குச்சி அடிச்சிருக்கு, ஒவ்வொரு சட்டமும் மற்றதைத் தாண்டி வெளியால நீண்டு நிக்கும். வடிவுதான், ஆனா எங்கட வீட்டில வைக்க மாட்டன்.

நான் கூட நேரம் நிண்டது பைமியோ கதிரைக்கு முன்னால. பின்லாந்தில பைமியோ எண்ட இடத்தில சயரோக ஆஸ்பத்திரி ஒண்டு கட்டினவை, கட்டினது அல்வார் ஆல்ற்ரோ, அதுக்குள்ள நோயாளியள் இருக்கிறதுக்கெண்டு 1931, 32 காலத்தில அவரும் மனிசி ஐனோவும் செய்த கதிரை. அந்த நேரம் ஜேர்மனியில மார்செல் புறொயர் ஆக்கள் சைக்கிள் ஹாண்டிலப் பாத்து இரும்புக் குழாயில கதிரை செய்யத் தொடங்கியிட்டினம், அது 1925, எல்லாருக்கும் அதில மோகம். ஆல்ற்ரோ இரும்பு குளிரும், நோயாளிக்கு உடம்பில படுறது மரமா இருக்கோணும் எண்டு பேர்ச் மரத்தில மெல்லிசாச் சீவின தகடுகளை ஒட்டி, ஒரே பலகையா வளைச்சு, மேலயும் கீழயும் சுருட்டி விட்டிருக்கிறார். முதுகு சாயிற கோணம் சயரோகக்காரருக்கு மூச்சு விடச் சுகமா இருக்கிற மாதிரிப் பாத்து வச்சது. மெத்தை ஒண்டும் இல்ல, அந்த வளைவே ஸ்பிறிங் மாதிரி வேலை செய்யும்.

அதைப் பாத்த உடன எனக்கு அப்பம்மா ஞாபகம் வந்திட்டா. அவவுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும், மழைகாலத்தில நிமிந்து படுக்க ஏலாது, இரவு முழுக்க சாய்மனைக் கதிரையிலதான் கிடப்பா, அது அப்பா செய்து குடுத்த கதிரை. நான் சொல்ல முதலே அப்பா சொன்னார், "அம்மாக்கு நானும் சாய்வைக் கூட்டிக் குறைச்சு மூண்டு தரம் மாத்திச் செய்தனான், கடைசியில இந்தளவு சாய்விலதான் அவ நித்திரை கொண்டவ" எண்டு. கையை உயத்திப் பிடிச்சுக் காட்டினார், கண்ணாலயே அந்தக் கோணத்தை அளந்துகொண்டு நிண்டார். இந்த இடத்துக்கு வேற எந்தக் காரணத்துக்கும் போகாட்டியும் இந்த ஒரு கதிரைக்காகப் போகலாம்.

அமெரிக்காவில தளபாடம் வரைஞ்ச சார்ள்ஸ், ரே ஈம்ஸ் புருசன் மனிசியின்ர சாமான் கனக்க இருக்கு, கீழ்த்தளத்தில அவையின்ர பொருளுகளுக்கெண்டே தனி இடம் ஒதுக்கியிருக்கு. ஒட்டுப்பலகையை ரெண்டு பக்கமும் வளைக்கிற வேலை அவைக்கு நல்லாக் கைவந்தது கதிரையில இல்ல, 1942இல அமெரிக்கக் கடற்படைக்குக் காயப்பட்ட கால்களைக் கட்டிற பலகை செய்யேக்க. அதுக்கு முதல் இரும்பில இருந்தது, தூக்கிக்கொண்டு ஓடேக்க அதிர்ந்து காயத்தைக் கூட்டும், இது காலின்ர வடிவத்திலயே வளைச்ச லேசான மரம், ஒண்டரை இலட்சம் மட்டில செய்தவை. அதில பழகின கைதான் 1945இல அந்தச் சின்ன மரக்கதிரையைச் செய்தது. இதுகளைப் பாக்கேக்க எங்கட ஆக்களுக்கு வேற ஞாபகங்கள் வரும், அப்பா அந்தக் கதையைக் கேட்டுட்டு ஒண்டும் கதைக்கேல்ல, நாங்களும் கேக்கேல்ல.

பன்ரன் கதிரையை மகனுக்கு நல்லாப் பிடிச்சுது. ஒரே துண்டு பிளாஸ்ரிக், பின்னங்கால் இல்ல, நாக்கு நீட்டின மாதிரி வளைஞ்சு நிக்கும். டென்மார்க்காரர் வேர்ணர் பன்ரன் வரைஞ்சது, செய்து தாற ஆளைத் தேடி வருசக்கணக்கா அலைஞ்சவர், கடைசியில இதே விட்ராதான் 1967இல செய்து வெளியால விட்டது. அதோட கதை முடியேல்ல எண்டதுதான் எனக்குப் பிடிச்ச விசயம். முதல் கண்ணாடி நார் போட்ட பொலியெஸ்ரர், பிறகு இறுக்கமான நுரை, பிறகு மலிவாச் செய்யக்கூடிய வேற பிளாஸ்ரிக், அந்த மூண்டாவது காலம் போகப் போக வெடிக்கத் தொடங்க 1979இல உற்பத்தியையே நிப்பாட்டினவை. இப்ப கடையில இருக்கிற பொலிபுறோப்பிலீன் கதிரை 1999இலதான் வந்தது, பன்ரன் அதுக்கு முந்தின வருசம் காலமாயிட்டார். வடிவம் ஒரு தரத்தில வந்திடும், அதைத் தாங்கிற சாமான் வர முப்பது வருசம் எடுக்கும்.

பன்ரன் கதிரையைப் பாத்துட்டு எங்கட கலியாண வீட்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையை மறக்கக் கூடாது. அதுவும் ஒரே அச்சில ஒரே ஊத்தில ஒரு நிமிசம் மட்டில பிறக்கிற கதிரைதான், பிரான்சில ஹென்றி மசோனே 1972இல செய்ததுதான் அந்தக் குடும்பத்தின்ர பெரியவர் எண்டு சொல்லலாம். இதே ஷவ்டெப்போவில 2017இல அந்தக் கதிரைக்கெண்டே ஒரு கண்காட்சி வச்சவை, எனக்கு அது தெரிஞ்ச உடன இந்த இடத்தில ஒரு மரியாதை வந்திட்டுது. செத்த வீட்டில, கோயில் மண்டபத்தில, அகதி முகாமில, எங்கட சனம் கூட நேரம் இருந்தது அதிலதான்.

மற்றதுகளை ஓடி ஓடிப் பாத்தம். காத்து ஊதி நிரப்பிற கதிரை 1967, கடதாசி மட்டையை அடுக்கி ஒட்டி அலை மாதிரிச் செய்த கதிரை 1972, அது பிராங்க் கேரி செய்தது, அதே ஆள்தான் இந்த வளவில 1989இல மியூசியக் கட்டடத்தையும் கட்டினவர், ஐரோப்பாவில அவற்ர முதல் கட்டடம். ஜப்பான்காரர் குறமாத்தாவின்ர 1988ஆம் ஆண்டுக் கதிரை, கண்ணாடி மாதிரி அக்ரிலிக்குக்குள்ள றோசாப்பூ மிதக்கும், பூ செயற்கைதான், ஆனா உயிர்ப்பூவே அப்பிடி இருக்காது.

ஒரு ஆசை மட்டும் சொல்லோணும். எங்கட சாய்மனைக் கதிரை, கை நீண்டு காலைத் தூக்கிப் போடக்கூடியது, பிரம்புப் பின்னல், இலங்கை இந்தியாத் தோட்டத் துரைமாரின்ர பங்களாவில இருந்து எங்கட விறாந்தைக்கு வந்த சாமான், நான் பாத்த தட்டுகளில கண்ணில படேல்ல. ஒவ்வொரு கதிரைக்கும் வரைஞ்ச ஆளின்ர பேரும் வருசமும் எழுதியிருக்கிற இடம் அது, எங்கட கதிரைக்கு அப்பிடி ஒரு பேர் இல்ல, ஊர் ஊரா ஓடாவிமாரும் தச்சு ஆசாரிமாரும் ஒருத்தற்றையப் பாத்து ஒருத்தர் திருத்தித் திருத்திச் செய்தது. பேர் இல்லாத கதிரையளுக்கும் ஒரு தட்டு வேணும் எண்டுதான் எனக்குப் படுது. கதிரை எண்ட சொல்லே போத்துக்கீசரிட்ட இருந்து வந்தது, வாங்கு எண்டு பெஞ்சைச் சொல்லுற சொல்லும் அப்பிடித்தான், மேசையும் அலுமாரியும் அதே கப்பலில வந்த சொல்லுகள். மகனுக்கு இதைச் சொல்ல, "அப்ப அதுக்கு முதல் நாங்கள் எதில இருந்தம்?" எண்டு கேட்டான். பாயில, திண்ணையில, பலகைக்கட்டையில எண்டு அப்பா சொன்னார்.

இனி விட்ராஹவுஸ். இதை ரெண்டாவதாத்தான் போகோணும், முதல் ஷவ்டெப்போ பாத்து ஆசைப்பட்டு, பிறகு இஞ்ச வந்து இருக்கிறது. 2010இல அதே ஹெர்சோக், டி மொய்ரோன் கட்டினது, கூரை வச்ச நீள வீடுகள் பன்னிரண்டை ஒண்டுக்கு மேல ஒண்டு குறுக்கும் நெடுக்குமா அடுக்கின மாதிரி இருக்கும். உள்ளுக்குப் போகக் காசு இல்ல. லிப்ற்றில நேர மேல்தட்டுக்குப் போங்கோ, அங்க இருந்து படி படியா இறங்கினா முழங்கால் நோக்காரருக்குக் கொஞ்சம் நிண்டு நிண்டு வரலாம், போற வழி முழுக்க இருக்கக்கூடிய கதிரையள்தானே. ஜன்னலால ஒரு பக்கம் முந்திரிகைத் தோட்ட மலை, மற்றப் பக்கம் பாசல்.

அப்பா எல்லாத்திலயும் இருந்து பாத்தார். ஈம்ஸின்ர 1956ஆம் ஆண்டு லவுஞ் செயாரில இருந்து எழும்ப மனம் வரேல்ல, ஆனா எழும்பேக்க முழங்கால் கஸ்ரப்பட்டுது, அது பதிவான கதிரை, அதையும் சொல்லோணும். அதை இப்ப ரெண்டு அளவில செய்யினம், சனம் உயந்திட்டுதாம், எங்கட ஆக்களின்ர உயரத்துக்குப் பழைய சின்ன அளவுதான் சரி, பெரிசில இருந்தா தொடை நீளம் காணாது, கால் தொங்கும். கீழ்த்தட்டில அந்தச் செயாரைப் பூட்டிற ஆக்களின்ர வேலையையும் நிண்டு பாக்கலாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறதுக்குள்ள எனக்குப் போதும் போதும் எண்டாயிட்டுது.

அவருக்குச் சரியாப் பொருந்தினது பிரான்ஸ்காரர் ஜோன் புறூவேயின்ர ஸ்ராண்டர்ட் கதிரை, 1934ஆம் ஆண்டுச் சாமான், பாத்தா பள்ளிக்கூடக் கதிரை மாதிரிச் சாதாரணம். முன்னங்கால் மெல்லிய குழாய், பின்னங்கால் மட்டும் தகட்டை மடிச்சு அகலமாச் செய்த கால். ஒராள் இருந்தா பாரம் கூட விழுறது பின்னுக்கு, சாயேக்க இன்னும் கூட, அதால பலம் எங்க வேணுமோ அங்க மட்டும் இரும்பைக் கூட்டியிருக்கிறார், அந்த யோசனையை வெளியால தெரியவும் விட்டிருக்கிறார். அப்பா தன்ர சாணால இருக்கிற உயரத்தை அளந்தார், பிறகு முதுகின்ர சாய்வை, பிறகு தட்டிப் பாத்தார். "இதைச் செய்தவனுக்குக் கதிரை எங்க உடையும் எண்டு தெரியும்" எண்டு சொன்னார். அவற்ர வாயில இருந்து நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். கைபிடி இல்லாட்டியும் உயரம் சரியா இருந்தபடியா பிடிக்காம எழும்பினார், நாங்கள் தேடி வந்தது அதைத்தானே.

விலையைப் பற்றி ஒளிக்காமச் சொன்னா, இது சம்பளக்காரர் யோசிச்சு வாங்கிற இடம், ஆறு கதிரை ஒண்டா வாங்கிற கதை இல்ல. ஒண்டு வாங்கலாம், அது பேரப்பிள்ளையளுக்கும் நிக்கும். நானும் அந்தச் சரிஞ்சு போன செயாருக்குக் குடுத்த காசோட கொஞ்சம் சேத்திருந்தா இதை எடுத்திருக்கலாம் எண்டு நினைச்சன். ஆசைக்கு மியூசியத்தின்ர சின்னக் கதிரையள் இருக்கு, பெரிய கதிரையில ஆறில ஒரு பங்கு அளவு, ஆணி, பின்னல் எல்லாம் அச்சொட்டா. அதுவும் விளையாட்டுச் சாமான் விலை இல்ல.

போறவைக்குச் சில விசயம். ஐடி காட் கையில வச்சிருங்கோ, போடர் எல்லோ. ஷவ்டெப்போவுக்கு டிக்கெட் எடுக்கோணும், மியூசியம் பாஸ் இருந்தா அதைக் காட்டுங்கோ, செல்லும். எழுத்தெல்லாம் ஜேர்மன், இங்கிலிஸ்தான், வயசானவையோட போனா கூட நிண்டு சொல்லுங்கோ. வளவு பெரிசு, நல்ல சப்பாத்துப் போடுங்கோ. சின்னனுகளுக்கு 2014இல கட்டின முப்பது மீற்றர் உயரக் கோபுரத்தில சறுக்கி இருக்கு, எங்கட பொடியன் மூண்டு தரம் போனவன். 1981இல இந்தத் தொழிற்சாலை எரிஞ்சு போனபிறகு சொந்தமாத் தீயணைப்பு நிலையம் வேணும் எண்டு சாஹா ஹடிட்டிட்ட கேட்டுக் கட்டினவை, 1993இல முடிஞ்சது, அவ வரைஞ்சு கட்டி முடிஞ்ச முதல் கட்டடம் அது. அதை உள்ளுக்கப் பாக்கோணும் எண்டா கைட்டோட போற சுத்துக்குப் பதிய வேணும், எங்களுக்கு நேரம் காணேல்ல.

ரெண்டு மணித்தியாலம் எண்டு நினைச்சுப் போய் அஞ்சு மணித்தியாலம் நிண்டம். பஸ்ஸில வரேக்க அப்பா டிக்கெட் துண்டின்ர பின்பக்கத்தில பைமியோக் கதிரையின்ர சாய்வை பென்சிலால கீறிக்கொண்டு வந்தார். வாற சனிக்கிழமை திரும்பவும் போறம், இந்த முறை அளவுநாடா கொண்டு வாறாராம், விட்ராஹவுஸில அந்தப் பின்னங்கால் தகட்டின்ர அகலம் பாக்கோணுமாம்.